எல்லைக்கல்லைக் கடந்த சொல்: கண்டிச் சீமைத் தோட்டங்களில் சீர்திருத்த இயக்கங்கள், 1915–1940

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் தமிழரிடையே எழுந்த சீர்திருத்த முயற்சிகளைப் பற்றி எழுதுவோர், கோயில் நுழைவு, கைம்பெண் மறுமணம், சுயமரியாதைத் திருமணம், மதுவிலக்கு என்ற வரிசையிலேயே பேசுவது வழக்கம். தமிழகத்தைப் பொறுத்தவரை அவ்வரிசை பொருந்தும். ஆனால் அதே தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த இலட்சக்கணக்கான தமிழர்களைப் பொறுத்தவரை, இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று தீர்க்கப்படாமல் கிடந்தது. தோட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதர் தோட்டத்துக்குள் சென்று ஒரு தொழிலாளியோடு பேசலாமா என்பதே அக்கேள்வி. தோட்டம் தனியார் சொத்து என்பதனால், துரையின், அதாவது தோட்ட அதிகாரியின், அனுமதியின்றி அதன் எல்லைக்கல்லைத் தாண்டும் எவரும் அத்துமீறிப் புகுந்தவராகக் கருதப்பட்டு நீதிமன்றத்துக்கு இழுக்கப்படலாம் என்ற நிலையில், சீர்திருத்தக் கருத்து எத்துணை உயர்ந்ததாக இருப்பினும் அது லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டின்) வாசலை எட்டுவதற்கு வழி இருக்கவில்லை. மலையகத்தின் ஆரம்பகாலச் சமூக இயக்க வரலாற்றை, அந்த எல்லைக்கல்லைச் சொல் கடந்து சென்ற வரலாறாக வாசிப்பதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வரலாற்றின் முக்கிய நிகழ்வுகள் பல கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் களமாகக் கொண்டவை. கண்டியிலிருந்து கிழக்கே மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், குண்டசாலையைக் கடந்து தெல்தெனியவுக்கு முன்பாக அமைந்துள்ள திகனவை நடுப்புள்ளியாகக் கொண்டால் அந்த நிலப்பரப்பு தெளிவாக விளங்கும். திகனவைச் சுற்றியுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கு முதலில் காப்பிக்கும் பின்னர் கோகோவுக்கும் பேர்போனது. ராஜவெல, பல்லேகலை ஆகிய பெயர்கள் இன்று குடியிருப்புகளையும் தொழிற்பேட்டைகளையும் நினைவூட்டினாலும் ஒரு காலத்தில் அவை பெருந்தோட்டங்களின் பெயர்களாகவே அறியப்பட்டிருந்தன. அங்கிருந்து வடக்கே பன்வில வழியாக ஏறினால் நக்கிள்ஸ் மலைச்சரிவில் மடுல்கலை. தெற்கே மகாவலி கங்கைக்கு அப்பால் ஹேவாஹெட்ட. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலாக வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் ஹேவாஹெட்ட மலைகளிலேயே உள்ளது. 1937இல் ஏகாதிபத்திய ஆட்சியையே சங்கடத்தில் ஆழ்த்திய ஒரு விவகாரம் மடுல்கலையிலும், 1940இல் ஒரு தொழிலாளியின் உயிரைப் பலிகொண்ட வேலைநிறுத்தம் ஹேவாஹெட்டவிலும் தொடங்கின. தமிழகத்துக் கிராமங்களில் இந்த மலைநாடு முழுவதற்கும் வழங்கிய பெயர் கண்டிச் சீமை என்பதாகும்.

முதலாளிகள் ஒன்றுசேர்வதற்கு எவ்விதத் தடையும் இருக்கவில்லை. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இலேயே கண்டியில் நிறுவப்பட்டு, ஆட்களைத் திரட்டுவது முதல் சட்டங்களைத் திருத்துவது வரை அரசாங்கத்தோடு நேரடியாகப் பேசும் அமைப்பாக வளர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு தொழிற்சங்கம் 1931இல்தான் உருவானது. இடைப்பட்ட எழுபத்தேழு ஆண்டுகளில் தொழிலாளியின் தரப்பில் பேசுவதற்கு எவரும் இல்லாமல் போனதற்குக் காரணம் அறியாமையும் அச்சமும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். மறுபாதி சட்டத்திலும் கடன் கணக்கிலும் இருக்கிறது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கியது. ஒப்பந்த மீறல் என்பது சாதாரணமாக இழப்பீடு கோரும் குடியியல் வழக்கு. இச்சட்டத்தின் கீழோ, சொல்லாமல் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. இதனோடு சேர்ந்து இயங்கியது கங்காணி முறை. ஊரில் தன் உறவினரையும் சாதியினரையும் திரட்டி, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவரும் பெரிய கங்காணி, அவர்களுக்குத் தலைவனாகவும் கடன்கொடுத்தவனாகவும் சில வேளைகளில் கடைக்காரனாகவும் இருந்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. முன்பணமாகப் பெற்ற தொகை தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியதால், அவர் மலையில் கால் வைக்கும் முன்பே கடனாளியாக ஆனார்.

இக்கடனின் உச்ச வடிவம் ‘துண்டு’ எனப்பட்ட காகிதமாகும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளர் குழுவுக்கு, அவர்களுடைய கடன் மொத்தம் இவ்வளவு, அதனைச் செலுத்தும் துரையிடம் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு அது. துண்டைப் பெற்ற கங்காணி தோட்டம் தோட்டமாகச் சென்று கூடுதல் முன்பணம் தரும் துரையைத் தேடுவான். புதிய துரை பழைய கடனை அடைத்து, அதற்கும் மேலாகக் கங்காணிக்கு ஒரு தொகையும் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். அத்தொகை முழுவதும் மீண்டும் தொழிலாளரின் பெயர்களில் பங்கிட்டு எழுதப்படும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் கடன் பெருகியதே ஒழியக் குறையவில்லை. ஒரு காகிதத் துண்டில் பெயர்களும் அவற்றுக்கு எதிரே ரூபாய்த் தொகைகளும் எழுதப்பட்டு, அந்தத் தொகைக்கு மனிதர்கள் கைமாறினர் என்பதை இன்றைய வாசகர் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அடிமை முறை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ஒரு பேரரசின் கீழ், முறைப்படி கையெழுத்திடப்பட்ட ஆவணமாக இது நடைமுறையில் இருந்தது.

இந்த அமைப்பின் மீது முதல் அடி தோட்டத்துக்குள்ளிருந்து விழவில்லை. கொழும்பில் வாழ்ந்த, உயர்ந்த அரச பதவியிலிருந்து 1913இல் ஓய்வுபெற்ற ஒரு தமிழரிடமிருந்து விழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915 ஜனவரியில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும், 1919 ஜூனில் இலங்கைத் தொழிலாளர் சேமநலக் கழகத்தையும் நிறுவினார். முன்னது நகரத்து ஏழைகளின் கல்வி, மருத்துவம், வீட்டு நிலை ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. பின்னது நேரடியாகத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்துக் குரல் எழுப்பியது. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சேர்ந்த கற்றறிந்த தமிழர் பலர் மலைநாட்டுத் தமிழரைத் தம்மவராகவே கருதாமல் இருந்த காலத்தில், இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக உயரவிருந்த ஒருவர் கூலிகள் என்று இழித்துரைக்கப்பட்ட மக்களின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டது, அவருடைய அரசியல் பணிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் போற்றப்பட வேண்டியதுமான பணியாகும்.

தொழிலாளர் சேமநலக் கழகத்தின் செயலாளராகப் பணியாற்றிய பெரியண்ணன் (பெரி) சுந்தரம் இவ்வரலாற்றில் கண்டிக்குரிய முதல் பெரும் பெயர். தோட்டச் சமூகத்தில் பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியில் கல்வி கற்று, கேம்பிரிட்ஜ் சென்று வழக்கறிஞராகத் திரும்பியவர் அவர். ஏ. ஜி. பிரேசர் 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த அக்கல்லூரி, ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்ததோடு, மாணவர்களை ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அனுப்பிச் சமூக சேவையில் பழக்கியது. பெரி சுந்தரம் 1931இல் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து தெரிவாகித் தொழில், கைத்தொழில், வாணிபத் துறை அமைச்சராகவும் ஆனார். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நாட்டின் முதலாவது அமைச்சர் குழுவிலேயே அமர்ந்தார் என்பது, அன்றைய லயங்களில் வாழ்ந்தோருக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கழகத்தின் முயற்சியும், இந்தியாவில் கடல்கடந்த கூலி முறைக்கு எதிராக எழுந்த பெருங்கிளர்ச்சியும், இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் ஒன்றுசேர்ந்ததன் விளைவாக, துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறைத் தண்டனை வழங்கும் பிரிவுகளும் அதே காலப்பகுதியில் நீக்கப்பட்டன. இந்தியா 1922இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, தொழிலாளரின் நலன்களைக் கண்காணிக்க ஒரு பிரதிநிதியை இலங்கையில் இருத்தியது. அப்பிரதிநிதியின் அலுவலகம் தலைநகரான கொழும்பில் அமையாமல் கண்டியிலேயே அமைந்தது. துரைமார் சங்கத்தின் கோட்டையாக இருந்த ஊரில், தோட்டங்களுக்குள் சென்று பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதும் அதிகாரம் பெற்ற ஓர் இந்திய அதிகாரி வந்து அமர்ந்தார். இன்றும் இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கண்டியில் இயங்குவதன் வேர் இதில் இருக்கிறது.

ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து துண்டு நீங்கியதால் கங்காணியின் கணக்குப் புத்தகத்திலிருந்து கடன் நீங்கிவிடவில்லை. தனக்கு எந்த உரிமை கிடைத்திருக்கிறது என்பதைத் தொழிலாளி அறிந்துகொள்ளாதவரை அச்சட்டம் அவருக்குக் காகிதமே. அதனை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அருணாசலத்தின் தலைமுறைச் சீர்திருத்தத்தின் எல்லையும் இதுவே: மனு எழுதுவதிலும் வாதாடுவதிலும் அது வல்லது, லயத்துக்குள் செல்ல அதனால் முடியவில்லை, அது அதற்கு முயன்றதாகவும் சொல்ல முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் பிறந்து, வணிகக் கல்வியும் பத்திரிகைத் தொழிலும் அறிந்தவராக இலங்கைக்கு வந்த அவர், தோட்டத் தொழிலாளர் நிலையைத் தாமே நேரில் காண விரும்பியபோது எதிர்கொண்டது மூடிய வாயிலையே. அவர் புடவை வியாபாரியின் வேடத்தில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்று மலையக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். துணி விற்பவனைத் துரையோ கணக்கப்பிள்ளையோ தடுப்பதில்லை என்பதால், லயத்தின் இஸ்தோப்பில், அதாவது வீட்டறையான காம்பராவின் முன்புறத் திண்ணையில், மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு, விலை பேசும் சாக்கில் சம்பளத்தையும் கடனையும் பற்றிக் கேட்டறிந்துகொள்ள முடிந்தது. இந்நிகழ்ச்சியை வீரக் கதையாக மட்டும் நினைவுகூர்வது போதாது. ஒரு சட்டமன்றத்தில் அமரத்தக்க தகுதியுடைய ஒருவர், தன் மொழி பேசும் மக்களோடு பத்து நிமிடம் பேசுவதற்கு வேடம் பூண வேண்டியிருந்தது என்பதுதான் அன்றைய நிலைமைக்கான முதன்மைச் சான்று.

நடேசய்யர் 1921இல் ‘தேசநேசன்’ இதழையும், 1924இல் ‘தேசபக்தன்’ இதழையும் நடத்தத் தொடங்கினார். 1925 முதல் சட்டநிரூபண சபையில் இந்தியரின் பிரதிநிதியாகவும், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் உறுப்பினராகவும் இருந்தார். கொழும்புத் தொழிலாளரின் தலைவரான ஏ. ஈ. குணசிங்கவோடு சில ஆண்டுகள் தோளோடு தோள் நின்று உழைத்த அவர், அந்த இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சுக்கு இடம்கொடுக்கத் தொடங்கிய கட்டத்தில் அதிலிருந்து பிரிந்தார். பிரிந்தவர் மலைக்கு ஏறி, 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியதே மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகும்.

அத்தொடக்கம் மிகக் கடினமான காலத்தில் நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929 ஜனவரி முதல் மலைநாட்டு உயர்பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் என்று விதிக்கப்பட்டது. தும்பறை போன்ற நடுப்பகுதிகளில் இவை முறையே 52, 41, 31 சதங்களாக இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலையும் றப்பர் விலையும் வீழ்ந்ததும், சட்டத்தின் மை காயும் முன்பே, 1931 முதல் 1933 வரையான ஆண்டுகளில் இவ்விகிதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. நடேசய்யர் அக்குறைப்பைச் சபையிலும் மேடையிலும் இதழிலும் எதிர்த்தார். பயன் உடனடியாகக் கிட்டவில்லை.

விகிதங்களைப் பற்றிப் பேசுகையில், அவற்றைப் பெறும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் தப்பு அடித்து எழுப்பப்படும் தொழிலாளி பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்கே பிந்தினால் அன்றைய வேலை மறுக்கப்படலாம். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது குறித்த இறாத்தல் அளவு நிறையாவிட்டால் செக்ரோலில், அதாவது நாட்சம்பளப் பதிவேட்டில், ‘அரைப்பேர்’ மட்டுமே போடப்படும். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஒரு பெண்ணுக்குப் பாதி நாளே வேலை செய்ததாகக் கணக்கு எழுதுவதுதான் அரைப்பேர். ஆகவே 43 சதம் என்பது சட்டம் சொன்ன தொகை. கைக்கு வந்த தொகையைத் தீர்மானித்தது தராசும் கணக்கப்பிள்ளையின் பேனாவும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் தோட்டத் துறையில் 1984இல்தான் வந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நடேசய்யரின் பணியைப் பற்றிய எழுத்துகளில் மீனாட்சி அம்மையாரின் பெயர் பெரும்பாலும் ‘அவருடைய துணைவியார்’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. அது நீதியன்று. தோட்டக் கூட்டங்களில் அவர் முதலில் பாடினார். பாட்டுக்குக் கூட்டம் சேர்ந்த பின்னரே பேச்சு தொடங்கியது. எழுத்தறிவு அரிதாக இருந்த சமூகத்தில் இதழ் சென்றடையும் தொலைவு சிறிது. சிந்து மெட்டிலும் நாட்டார் இசையிலும் அமைந்த பாட்டோ, ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குத் தாவி, கூடையோடு மலையேறி, துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே அடுத்த தோட்டத்துக்குச் சென்றது. அவருடைய பாடல்கள் ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ என்ற சிறுநூலாக வெளிவந்தன. ‘தேசபக்தன்’ இதழை நடத்துவதிலும் அவருக்குப் பங்கிருந்தது. எல்லைக்கல்லைச் சொல் கடந்தது என்று இக்கட்டுரை கூறுவதன் நேர்ப்பொருளை அவரது பாட்டிலேயே காண முடியும்.

இதே ஆண்டுகளில், கண்டியைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் குரலும் தோட்டத்துப் பெண்களுக்காக ஒலித்தது. கண்டியின் மக்கள் பிரதிநிதியாகப் பின்னர் விளங்கிய ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னஸ் டி சில்வா, 1927இன் இறுதியில் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தினர் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் தயக்கமின்றிப் பதிலளித்தார். வசதியும் ஆங்கிலக் கல்வியும் பெற்ற பெண்களின் அமைப்பு ஒன்று, தன் வகுப்பைக் காப்பாற்றும் விடையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு தருணம் அது. 1931இல் இலங்கை இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமையை ஏற்றுக்கொண்டது. ஆசியாவில் அது முன்னோடியான நடவடிக்கை. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வசிப்பிடம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டதால், தோட்டங்களில் வாக்காளராகப் பதிவானோரின் தொகை அங்கு வாழ்ந்தோரின் தொகையைவிட மிகக் குறைவாகவே இருந்தது.

காந்தியடிகள் 1927 நவம்பரில் கண்டி, ஹட்டன், பதுளை ஆகிய ஊர்களுக்கு வந்து மதுவையும் தீண்டாமையையும் கைவிடுமாறு தொழிலாளரிடம் பேசியதும், அதன் தாக்கத்தால் காந்தியின் பெயரில் சங்கங்கள் தோன்றியதும் இங்கே குறிப்பிட்டாலே போதுமானவை. அவை ஒழுக்கத்தைப் பேசின. கூலியைப் பற்றிய பேச்சு வேறு வழியில் வந்தது.

1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தோட்ட நிர்வாகம் பயில வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற இளம் ஆங்கிலேயர், மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தார். இத்தகைய பயிலுநரைத் தோட்டத்தார் ‘சின்னத்துரை’ என்று அழைத்தனர். சின்னத்துரைக்கு முதலில் கற்பிக்கப்படுவது தொழிலாளரிடமிருந்து விலகி நிற்பது. பிரேஸ்கேர்டல் அதனைக் கற்க மறுத்து, தொழிலாளரோடு பழகி, அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பேசியதனால் வேலையை இழந்தார். பின்னர் அவர் இடதுசாரியான லங்கா சமசமாஜக் கட்சியோடு இணைந்து, 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவின் தலைமை உரைக்காகத் திரண்ட பெருங்கூட்டத்தில் தோட்ட முறையைச் சாடிப் பேசினார். வெள்ளைக்காரர் ஒருவர் மேடையேறித் துரைமாரின் அதிகாரம் அநீதியானது என்று சொல்வதைத் தொழிலாளர் தம் காதால் கேட்டனர். துரைமாரைக் கலங்கச் செய்தது அதுவே.

தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் பிறப்பித்த, 48 மணிநேரத்துக்குள் அவரை நாடு கடத்தும் ஆணை ஏப்ரல் 22ஆம் திகதி அவரிடம் கையளிக்கப்பட்டது. பிரேஸ்கேர்டல் தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் தேசாதிபதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அன்று மாலை காலி முகத்திடலில் கூடிய மாபெரும் கூட்டத்தில் பிரேஸ்கேர்டல் வெளிப்பட்டுப் பேசினார். அம்மேடையில் உரையாற்றியோருள் கண்டியின் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவும், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் ஹண்டி பேரின்பநாயகமும், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் இருந்தனர், மீனாட்சி அம்மையாரும் இருந்தார். மே 18ஆம் திகதி பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடு கடத்த முடியாது என்ற அத்தீர்ப்பு இலங்கைச் சட்ட வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. திகனவுக்கு வடக்கே, ஒரு மலைத்தோட்டத்து லயத்தில் தொடங்கிய உரையாடல் ஒன்று நாட்டின் குடியியல் உரிமைகள் பற்றிய அடிப்படைத் தீர்ப்பில் முடிந்தது.

ஒரு வெள்ளையரின் பேச்சுரிமைக்காக நாடே திரண்டது சரி. கறுத்த தொழிலாளியின் பேச்சுரிமைக்கு என்ன நடந்தது என்பதை மூன்று ஆண்டுகள் கழித்து ஹேவாஹெட்ட காட்டியது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சங்கம் அமைப்பதை உரிமையாக்கியிருந்தும், தோட்டங்களில் சங்கத்தில் சேர்ந்தவருக்குப் ‘பத்துச்சீட்டு’ கொடுத்து வெளியேற்றுவது வழக்கமாகவே தொடர்ந்தது. வேலையோடு காம்பராவும் போய்விடும் என்பதால், பத்துச்சீட்டு என்பது குடும்பத்தோடு தெருவில் நிற்பதற்கான ஆணை. போர்க்காலத்தில் பொருள்களின் விலை ஏறிய நிலையில், அங்குள்ள முல்லோயா தோட்டத்துத் தொழிலாளர் 1940 ஜனவரித் தொடக்கத்தில் சம்பள உயர்வு கோரி, சமசமாஜிகளின் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார்.

பெயர் தெரியாமல் இறந்த ஆயிரக்கணக்கானோரின் வரிசையில் இந்த இறப்பும் மறைந்திருக்கலாம். மறையவில்லை என்பதுதான் காலம் மாறியதற்கான அடையாளம். கோவிந்தனின் மனைவியின் சார்பில் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா விசாரணையில் வாதாடினார்; துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஆணைக்குழு அமைக்கப்பட்டது; அதனோடு தொடர்புடைய வழக்குகள் குறித்து உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் எழுந்த முரண்பாட்டில் தேசாதிபதி பொலிஸ் பக்கம் நின்றதால் அமைச்சர்கள் தங்கள் பதவிகளைத் துறந்தனர். இருபதாண்டுகளுக்கு முன்பு துண்டில் எழுதப்பட்ட ஒரு தொகையாக மட்டுமே இருந்திருக்கக்கூடிய ஒரு மனிதரின் மரணம், அமைச்சரவையையே பதவி விலகச் செய்தது. வேலைநிறுத்தங்கள் ஊவாவுக்கும் பரவின. அதே ஆண்டின் நடுப்பகுதியில் தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஏழு அம்ச உடன்படிக்கை, தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும், சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் வந்து சந்திப்பதற்கான ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டது. துணி மூட்டையைச் சுமந்து நடேசய்யர் நுழைந்த வாயில், நிபந்தனைகளோடு என்றாலும், திறந்தது.

அதற்குள் இயக்கத்தின் தலைமை கைமாறத் தொடங்கியிருந்தது. ஜவஹர்லால் நேருவின் வருகையையொட்டி 1939 ஜூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகி, அதன் தொழிற்சங்கம் விரைவில் மலையகத்தின் பெரும் சக்தியாக வளர்ந்தது. 1947 பொதுத் தேர்தலில் அக்கட்சி ஏழு இடங்களை வென்றது. தன்னந்தனியே பாதை வெட்டிய நடேசய்யர் அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். அமைப்பைக் கட்டுவதைவிடக் குரலை எழுப்புவதில் அவர் வல்லவராக இருந்தார் என்று சொல்லப்படுவதில் உண்மையுண்டு. எனினும் பின்னர் வந்தோரின் அமைப்புகள் அனைத்தும், பேசுவதற்கு அஞ்சாத ஒரு தொழிலாளர் தலைமுறையின் மீதே கட்டப்பட்டன. அத்தலைமுறையை உருவாக்கியதில் அவருக்கும் மீனாட்சி அம்மையாருக்கும் உள்ள பங்கு இன்னும் உரிய அளவில் எழுதப்படவில்லை. ‘தேசபக்தன்’ போன்ற இதழ்களும், கூட்டங்களில் சில சதங்களுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும், பழைய செக்ரோல் ஏடுகளும் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின், அவற்றை நூலகங்களிடம் சேர்ப்பது அவசரமான பணியாகும். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமே 1980களில் நீருக்குள் மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கில், காகிதங்கள் எவ்வளவு எளிதில் அழியக்கூடியவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கிடைத்த வாக்குரிமை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனை அடுத்து 1949இல் வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரின் வாக்குகளைப் பறித்தன. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அக்னஸ் டி சில்வா எந்தப் பெண்களுக்காகப் பேசினாரோ, அப்பெண்களின் பேத்திகளுள் நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது 2003இல்.